செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகலை

புது டைமிங் செயின் போட்டாகிவிட்டது. கவரை மூடி, ஆயில் ஊற்றி, பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மட்டும் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பட்டறையில் முதலில் வரும் பேச்சு, 'டைமிங் தப்பிடுச்சு போல.' அதற்கு அடுத்து வருவது, 'இன்னொரு தடவை அடி, பார்ப்போம்.' ஒரே மூச்சில் சொல்லப்படும் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை. டைமிங் தப்பியிருக்கிறது என்று உண்மையாகவே சந்தேகித்தால், இன்னொரு தடவை அடிப்பதைவிட மோசமான காரியம் இல்லை. சந்தேகம் இல்லையென்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது, பத்துத் தடவை அடித்தாலும் அது வெளியே வராது.

காரணத்தைப் புரிந்துகொள்ள எஞ்சினுக்குள் இருக்கும் இரண்டு தண்டுகளைப் பார்க்க வேண்டும். கீழே கிராங்க், மேலே கேம். பிஸ்டன் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக்குவது கிராங்க். வால்வுகளைத் திறந்து மூடுவது கேம். ஜெர்மனியின் நிக்கோலஸ் ஆட்டோ 1876-இல் ஓட்டிக் காட்டிய நான்கு வீச்சு முறையில்தான் இன்றைய பெட்ரோல் கார்களும் ஓடுகின்றன: உறிஞ்சு, அழுத்து, எரி, வெளியேற்று. இந்த நான்கும் முடிய கிராங்க் இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி சுற்ற வேண்டும். அதே நேரத்தில் ஒவ்வொரு வால்வும் ஒரே ஒரு தடவை திறந்து மூடினால் போதும். ஆகவே கேம் பாதி வேகத்தில் சுற்ற வேண்டும். கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் 18 பல் என்றால் கேம் ஸ்ப்ராக்கெட்டில் 36. நடுவே ஓடி இந்தக் கணக்கைக் காப்பது செயின்.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் உருவாக்கிய புஷ் ரோலர் செயின்தான் இந்தக் குடும்பத்துக்கு முன்னோடி. நம் ஊர் சாலைகளில் அம்பாசடரும் பத்மினியும் செயினோடு ஓடின. மாருதி 800 ரப்பர் பெல்ட்டைக் கொண்டுவந்தது. பிறகு மாருதியின் கே சீரிஸ், ஹூண்டாயின் கப்பா போன்ற எஞ்சின்களோடு செயின் திரும்பிவந்தது. ஆயிலில் நனைந்தபடி ஓடும் செயினுக்கு ஆயுள் அதிகம், இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்று என்ற கெடுவும் பெரும்பாலும் இல்லை. அதனாலேயே அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆயில் மாற்றாமல் ஓட்டினால் செயின் 'நீள்கிறது' என்பார்கள். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்கின்றன. 8 மில்லிமீட்டர் கண்ணிகள் 150 கொண்ட செயின் 1200 மில்லிமீட்டர் நீளம். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் நான்கு பங்கு தேய்ந்தாலே மொத்தத்தில் 6 மில்லிமீட்டர் கூடிவிடும். காலையில் வண்டியை எடுத்ததும் 'கடகட'வென்று சத்தம் வருவதும், செயினை மாற்ற வேண்டியதாவதும் இப்படித்தான்.

இனி, டைமிங் ஒரு பல் தப்பினால் என்ன ஆகும் என்ற கணக்கு. கிராங்க்கில் 18 பல் என்றால் ஒரு பல்லுக்கு 20 டிகிரி. செயினை மாட்டும்போது ஒரு பல் தள்ளி விழுந்தால், வால்வுகள் 20 டிகிரி முந்தியோ பிந்தியோ வேலை செய்யும். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. எதைக் கெடுக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

இன்லெட் வால்வு, பிஸ்டன் அடியைத் தொட்டவுடன் மூடுவதில்லை. பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிக் கொஞ்ச தூரம் போன பிறகே மூடும். ஓடும் வேகத்தில் உள்ளே பாய்ந்துவரும் காற்றுக்கு உந்துவிசை இருப்பதால், அந்தத் தாமதத்தில் இன்னும் கொஞ்சம் காற்று உள்ளே வரும். 50 டிகிரி கழித்து மூடுவதாக வைத்துக்கொண்டால், சாதாரண அளவுள்ள எஞ்சினில் பிஸ்டனின் ஏற்றத்தில் சுமார் 87 சதவீதம் அழுத்துவதற்கு மிச்சமிருக்கும். கேம் ஒரு பல் பிந்தினால் 70 டிகிரியில் மூடும், மிச்சம் 74 சதவீதம். இரண்டு பல் பிந்தினால் 90 டிகிரி, மிச்சம் 58 சதவீதம். புத்தகத்தில் கம்ப்ரஷன் விகிதம் 10 என்று போட்டிருக்கும் எஞ்சின், நிஜத்தில் அழுத்துவது முதல் நிலையில் 8.8 மடங்கு, அடுத்து 7.7, அதற்கடுத்து 6.2. செல்ஃப் சுற்றும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 200 சுற்றைத்தான் ஒட்டி ஓடும். அந்த வேகத்தில் காற்றுக்கு உந்துவிசையே இல்லை. உறிஞ்சிய காற்றைப் பிஸ்டன் வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். அதனால்தான் ஒரு பல் பிந்திய எஞ்சின் பல சமயம் இருமிக்கொண்டாவது பிடித்துவிடும், ஐடிலில் நடுங்கும், இழுவை இருக்காது. இரண்டு பல் என்றால் பெரும்பாலும் பிடிக்கவே பிடிக்காது.

ஆக, 'ஒரு பல் தப்பினால் ஸ்டார்ட்டே ஆகாது' என்று அடித்துச் சொல்பவரை நான் நம்புவதில்லை. வண்டி ஒரு முறைகூட இருமாமல், தும்மாமல், சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் செயினைச் சந்தேகிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

முதல் சாட்சி காதுதான். நல்ல எஞ்சினில் செல்ஃப் அடித்தால் 'உர்ர்-உர்ர்-உர்ர்' என்று ஒரு மூச்சு ஏறி இறங்கும். ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தத்துக்கு வரும்போது செல்ஃப் மோட்டார் கொஞ்சம் திணறி, தாண்டியதும் விடுபடுவதுதான் அந்த ஏற்ற இறக்கம். அழுத்தமே இல்லாத எஞ்சினில் இந்தத் திணறல் இருக்காது. மிக்ஸி காலியாக ஓடுவதுபோல் ஒரே சீராக, வழக்கத்தைவிட வேகமாக 'வ்ர்ர்ர்' என்று சுற்றும். மூன்று மூச்சு கேட்டு நான்காவது இடத்தில் வழுக்கினால் ஒரு சிலிண்டரில் மட்டும் கோளாறு. நடுவே 'டக்' என்று இரும்போடு இரும்பு மோதும் சத்தம் வந்தால் சாவியிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும்.

அந்த 'டக்' சத்தத்துக்குப் பயப்படக் காரணம் உண்டு. இன்றைய எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் முழுதாகத் திறந்த வால்வும் உச்சிக்கு வந்த பிஸ்டனும் ஒரே இடத்தை மாறிமாறிப் பயன்படுத்துகின்றன. இருவரும் ஒரே நேரத்தில் அங்கே வராமல் பார்த்துக்கொள்வது செயின் ஒன்றுதான். வால்வின் தண்டு 5, 6 மில்லிமீட்டர் தடிமன். செல்ஃப் மோட்டாரின் வேகமே அதை வளைக்கப் போதும். வளைந்த வால்வு சீட்டில் முழுதாக உட்காராது, அந்தச் சிலிண்டரில் அழுத்தமும் நிற்காது. அதற்குப் பிறகு செயினைச் சரியாக மாட்டினாலும் பயனில்லை, ஹெட்டை இறக்கியாக வேண்டும். ஒரு நாளில் திருத்தியிருக்கக்கூடிய தப்பு, 'இன்னொரு தடவை அடி' என்ற ஒரு பேச்சில் ஒரு வார வேலையாகிவிடுகிறது.

அதனால் சோதனையைச் செல்ஃப்பிடம் விடாமல் கையால் செய்ய வேண்டும். நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் நீளக் கைப்பிடியுள்ள ராட்செட்டை மாட்டி, எஞ்சின் சுற்றும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். பிளக் இல்லாததால் அழுத்தம் தடுக்காது. வால்வு ஸ்பிரிங்குகள் கொடுக்கும் மெல்லிய ஏற்ற இறக்கம் மட்டும் கைக்குத் தெரியும். எங்காவது சுவரில் முட்டியதுபோல் நின்றால் அங்கேயே விட்டுவிட வேண்டும், பலத்தைக் காட்டக் கூடாது. கைக்கு உணர்வு உண்டு என்பதால், கையால் சுற்றும்போது வால்வு வளைவது அபூர்வம்.

திசையை அழுத்திச் சொல்லக் காரணம் டென்ஷனர். செயினின் தளர்ந்த பக்கத்தை ஒரு கைடு வழியாகத் தள்ளிப் பிடித்திருக்கும் சின்னப் பிஸ்டன் அது. எஞ்சின் ஓடும்போது ஆயில் அழுத்தம் அதைத் தள்ளும். நின்றிருக்கும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங்கும், பல மாடல்களில் ஒரு ராட்செட் பல்லும் பிடித்துக்கொள்ளும். கிராங்கைத் தலைகீழாகச் சுற்றினால் இறுக்கமான பக்கமும் தளர்ந்த பக்கமும் இடம் மாறி, மொத்த இழுவையும் டென்ஷனரின் மேல் வந்து விழும். ஆயில் இல்லாத டென்ஷனர் அமுங்கிக்கொடுக்க, செயின் ஒரு பல் தாண்டிவிடும். மார்க்கைச் சரியாக வைத்துவிட்டு, 'கொஞ்சம் தாண்டிப்போச்சு' என்று ஒரு நூலளவு பின்னால் திருப்பியதில் தப்பிப்போன டைமிங்குகள் ஏராளம். தாண்டிப்போனால் இன்னும் இரண்டு சுற்று முன்னால் சுற்றிவருவதுதான் முறை.

புது டென்ஷனரை அமுக்கிய நிலையில் ஒரு கம்பியோ பின்னோ குத்தி அனுப்புவார்கள். பழையதையே திரும்ப மாட்டினால் நாமே அமுக்கி, மெல்லிய ஆணி ஒன்றைச் செருகிக்கொள்வோம். போல்ட்டுகளை இறுக்கிய பின் அதை உருவ வேண்டும். உருவாமல் கவரை மூடியவர்கள் உண்டு. வேலை முடிந்து தரையைக் கூட்டும்போது அந்தப் பின் கையில் கிடைத்தால் நிம்மதி. கிடைக்காவிட்டால் அது எங்கே இருக்கிறது என்று யோசிக்க வேண்டும்.

இரண்டு சுற்று சுற்றியபின் மார்க்குகளைப் பார்க்கும் இடத்தில்தான் பட்டறைகளில் அதிகக் குழப்பம்.

'அண்ணே, வெள்ளை லிங்க் மார்க்குல நிக்கலண்ணே. பல்லு மாறிடுச்சு.'

'லிங்க்கை விடுறா. ஸ்ப்ராக்கெட் மார்க் நிக்குதா?'

'அது நிக்குதுண்ணே.'

'அப்ப மூடு.'

அண்ணன் சொல்வது சரி. செயினில் வண்ணம் பூசிய கண்ணிகள் மாட்டும் நேரத்து அடையாளம் மட்டுமே. மாட்டி ஒரு முறை சுற்றிவிட்டால் அவை இடம் மாறிவிடும், உடனே திரும்பி வராது. 150 கண்ணிச் செயினையும் 36 பல் கேம் ஸ்ப்ராக்கெட்டையும் எடுத்துக்கொள்வோம். செயினின் அதே கண்ணி கேமின் அதே பல்லில் மறுபடி வந்து உட்கார, இரண்டு எண்களுக்கும் பொதுவான மீச்சிறு மடங்கு வரை ஓட வேண்டும். அது 900. அதாவது கேம் 25 சுற்று, கிராங்க் 50 சுற்று. பள்ளிக்கூடத்தில் எதற்கென்றே தெரியாமல் போட்ட மீசிம கணக்கு இங்கே ஒரு நாள் வேலையை மிச்சம் பிடிக்கிறது. கண்ணியும் பல்லும் இப்படிப் பொருந்தாமல் ஓடுவது தேய்மானத்துக்கும் நல்லது. ஒரே கண்ணி ஒரே பல்லையே ஓயாமல் தேய்க்காது.

சரி, எல்லாம் மூடியாகிவிட்டது, இப்போதுதான் சந்தேகம் வருகிறது என்றால் டைமிங் கவரை உடனே திறக்க வேண்டுமா? வேண்டாம். அதற்கு புல்லியைக் கழற்ற வேண்டும், மவுண்டை இறக்க வேண்டும், சில வண்டிகளில் ஆயில் சம்ப்பையும் இறக்க வேண்டும். மேலே உள்ள வால்வு கவருக்குச் சில போல்ட்டுகள்தான். அதைத் திறந்தாலே பெரும்பாலான இரட்டைக் கேம் எஞ்சின்களில் கேம் ஸ்ப்ராக்கெட் மார்க்குகள் தெரியும். முதல் சிலிண்டர் பிளக் ஓட்டைக்குள் நீளமான பிளாஸ்டிக் குச்சியை விட்டு, அது ஏறி நிற்கும் உச்சியைக் கையால் சுற்றிப் பிடித்துக்கொள்ளலாம். கிராங்க் புல்லியிலும் மார்க் உண்டு. ஆனால் புல்லியின் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ரப்பர் இருக்கிறது. வயதான ரப்பர் வழுக்கியிருந்தால் அந்த மார்க் பொய் சொல்லும். குச்சி பொய் சொல்லாது.

முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது கேம் மார்க்குகள் நேர் எதிர்ப்பக்கம் இருந்தால் பதற வேண்டாம். கிராங்க்குக்கு உச்சி இரண்டு முறை வரும், அழுத்தத்தின் முடிவில் ஒன்று, வெளியேற்றத்தின் முடிவில் ஒன்று. இன்னொரு சுற்று சுற்றினால் மார்க்குகள் வந்துவிடும். '180 டிகிரி மாறிப்போச்சு' என்ற பயம் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த காலத்து மிச்சம். பத்மினியிலும் கார்புரேட்டர் மாருதியிலும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி மாட்டினால் பொறி தப்பான வீச்சில் விழுந்து, கார்புரேட்டர் வழியே வெடிக்கும். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள இன்றைய எஞ்சினில் அந்த வழி அடைபட்டுவிட்டது. இரண்டு கேம்களில் ஒன்று மட்டும் திரும்பி உட்கார்ந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மார்க்குகள் நேராக நின்றும் ஏமாற்றக்கூடிய இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, கேம் முனையில் உள்ள விவிடி தலை. எஞ்சின் ஓடும்போது ஆயில் அழுத்தத்தால் கேமைக் கொஞ்சம் முன்னும் பின்னும் திருப்பும் அமைப்பு அது. நிற்கும்போது உள்ளே ஒரு பூட்டுப் பின் விழுந்து ஒரே நிலையில் நிற்க வேண்டும். இன்லெட் பக்கத்தில் அது பொதுவாக மிகவும் பிந்திய நிலை. பூட்டு விடுபட்ட நிலையில் செயினை மாட்டினால் வெளிச்சக்கரத்தின் மார்க் நேராக இருக்கும், உள்ளே கேம் வேறு கோணத்தில் இருக்கும். மற்றொன்று, சாவிக்கட்டை இல்லாத ஸ்ப்ராக்கெட். ஃபோர்டின் டூராடெக் குடும்பத்திலும் பி.எம்.டபிள்யூ.விலும் சில எஞ்சின்களில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்துவைத்திருப்பது நடு போல்ட்டின் இறுக்கம் ஒன்றுதான். அங்கே கிராங்க்கையும் கேமையும் அதற்கான பூட்டுக் கருவிகளால் நிறுத்தி இறுக்காமல் மார்க்கை நம்பினால், போல்ட்டைக் கடைசியாக முறுக்கும் போதே டைமிங் நகர்ந்துவிடும்.

மார்க்குகள் சரி, மூச்சுச் சத்தமும் சரி. அப்படியானால் செயினை விட்டுவிட வேண்டும். 'கடைசியாக எதைத் தொட்டோமோ அங்கே பார்' என்பது நல்ல விதி. ஆனால் கடைசியாகத் தொட்டது செயினை மட்டுமா? அதை எட்டுவதற்காகக் காயில், கேம் சென்சார், கிராங்க் சென்சார், விவிடி வால்வு, இன்ஜெக்டர் ஒயர், ஏர் ஹோஸ், எஞ்சின் மவுண்ட், எர்த் பட்டை எல்லாவற்றையும் கழற்றியிருக்கிறோம். அத்தனையும் 'கடைசியாகத் தொட்டவை'தான். என் கணிப்பில், அடித்தும் இருமாத வண்டியில் குற்றவாளி இந்தப் பட்டியலில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இதில் தலைமைச் சாட்சி கிராங்க் சென்சார். கிராங்க்கோடு சுற்றும் ஒரு பல்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கும் சின்னக் கண் அது. பரவலாக உள்ள வகையில் 60 பல்லுக்கு இடம் விட்டு, இரண்டை வெட்டி 58 பல் வைத்திருப்பார்கள். ஒரு பல்லுக்கு 6 டிகிரி. வெட்டிய இடம் கடந்துபோகும்போது கிராங்க் எங்கே நிற்கிறது என்று எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குத் தெரியும். அது அழுத்தச் சுற்றா வெளியேற்றச் சுற்றா என்பதைக் கேம் சென்சார் சொல்லும். பல எஞ்சின்களில் கிராங்க் சென்சாரிலிருந்து சிக்னலே வராவிட்டால் பொறியும் இல்லை, பெட்ரோலும் இல்லை. எஞ்சின் சுற்றிக்கொண்டிருப்பதே ஈசியூவுக்குத் தெரியாது. புல்லியைக் கழற்றும்போது ஸ்க்ரூடிரைவர் கொண்டு நெம்பியதில் அந்தச் சக்கரத்தின் ஒரு பல் லேசாக வளைந்திருந்தாலும் கணக்குக் குழம்பும். சென்சாரின் கப்ளர் 'கிளிக்' என்று பூட்டாமல் பாதியில் நின்றாலும் அதே கதை.

ஸ்கேனரைப் போட்டுக் கோளாறு எண் ஏதும் இல்லையென்றதும் கழற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. அதைவிடப் பயனுள்ளது, செல்ஃப் அடிக்கும்போதே நேரடித் தகவலில் ஆர்பிஎம்மைப் பார்ப்பது. எஞ்சின் சுற்றும்போது அது 200-ஐ ஒட்டிக் காட்டினால் கிராங்க் சென்சார் உயிரோடு இருக்கிறது. பூஜ்யத்திலேயே நின்றால் அங்கே தேட வேண்டும். எண்களில் பி0335 கிராங்க் சென்சார் சுற்றையும், பி0340 கேம் சென்சார் சுற்றையும் குறிக்கும். பி0016 முதல் பி0019 வரை உள்ளவை வேறு ரகம். இரண்டு சென்சாரும் பேசுகின்றன, ஆனால் ஒருவர் சொல்வது மற்றவரோடு ஒத்துப்போகவில்லை என்பதே அவற்றின் பொருள். மூடிய கவருக்குள் ஒரு பல் தப்பியிருப்பதை வெளியிலிருந்தே காட்டிக்கொடுக்கும் எண்கள் இவை. அப்போதும் ஓர் எச்சரிக்கை: இரட்டைக் கேம் எஞ்சினில் இன்லெட், எக்ஸாஸ்ட் சென்சார் கப்ளர்கள் அச்சாக ஒரே மாதிரி இருக்கும். ஒயர் நீளம் எட்டினால் மாற்றிச் செருகிவிட முடியும். கவரைத் திறப்பதற்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

எர்த் பட்டையை மறந்தால் செல்ஃப் மெதுவாக முனகும் அல்லது 'டிக்' என்று மட்டும் சொல்லும். மூன்று நாள் வேலையில் பேட்டரியும் இறங்கியிருக்கும். செல்ஃப் அடிக்கும்போது மின்னழுத்தம் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், எஞ்சினைச் சோதிக்கும் முன் பேட்டரியைச் சார்ஜில் போட வேண்டும். டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னிக்கொண்டிருந்தால் அது திருட்டுத் தடுப்புப் பூட்டான இம்மொபிலைசர். அதற்கும் செயினுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

இதற்குள் பலமுறை அடித்திருப்பதால் பிளக்குகள் பெட்ரோலில் குளித்திருக்கும். முதல் கோளாறைச் சரிசெய்த பிறகும் வண்டி பிடிக்காமல் போவதற்கு இது ஒரு சாதாரணக் காரணம். திருத்தியவர் தன் திருத்தத்தையே சந்தேகித்து மறுபடி எல்லாவற்றையும் பிரிப்பார். பிளக்கைக் கழற்றி உலர்த்தி மாட்டினால் போதும். பல இன்ஜெக்ஷன் கார்களில் ஆக்ஸிலேட்டரைத் தரைவரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் ஈசியூ பெட்ரோலை நிறுத்திவிடும், காற்று மட்டும் உள்ளே போய்ச் சிலிண்டர் உலரும். பெட்ரோல் நனைந்த சுவர்களில் ஆயில் படலம் கழுவப்பட்டு அழுத்தமும் குறைந்திருக்கும். பிளக் ஓட்டை வழியே ஒரு சின்னக் கரண்டி எஞ்சின் ஆயில் விட்டால் அது திரும்பும்.

இன்னும் தீரவில்லையா? கம்ப்ரஷன் கேஜை எடுக்க வேண்டிய நேரம். இதன் அழகு, கிடைக்கும் எண்ணைவிட எண்களின் வடிவம் அதிகம் பேசும் என்பதுதான். நல்ல பெட்ரோல் எஞ்சின் 160 முதல் 200 பிஎஸ்ஐ வரை காட்டும். நான்கு சிலிண்டரும் ஒன்றுபோல் 100-ஐ ஒட்டித் தாழ்ந்திருந்தால் நான்கையும் ஒருசேரப் பாதிக்கும் ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும்: செயின் வேலைக்குப் பிறகு அது பெரும்பாலும் கேம் பிந்தியிருப்பதுதான். கவரைத் திறக்கலாம், பெரும்பாலும் வால்வுகள் பிழைத்திருக்கும். இரண்டு சிலிண்டர் 170, இரண்டு சிலிண்டர் பூஜ்யம் என்றால் வால்வு வளைந்திருக்கிறது. எந்த வால்வு என்று அறியவும் வழி உண்டு. அந்தச் சிலிண்டரை அழுத்த உச்சியில் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியே கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்துக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். ஏர் ஹோஸ் பக்கம் சீறினால் இன்லெட், சைலன்ஸர் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட். ஆயில் ஊற்றும் வாயில் காற்று வந்தால் ரிங்.

கேஜிடமும் ஒரு குறை இருக்கிறது. இன்லெட் கேம் பிந்தாமல் ஒரு பல் முந்தியிருந்தால், வால்வு சீக்கிரம் மூடுவதால் அழுத்தம் குறையாது, சற்றுக் கூடவும் செய்யும். கேஜ் 'நலம்' என்று சொல்லிவிடும். எக்ஸாஸ்ட் கேம் மட்டும் தப்பியிருந்தாலும் கேஜில் பெரிதாகத் தெரியாது. அழுத்தத்தைத் தீர்மானிப்பது இன்லெட் வால்வு மூடும் நேரம்தான். ஆகவே நல்ல எண் வந்தது என்பதற்காக மார்க்கைப் பார்க்காமல் விட முடியாது.

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பொறியே இல்லாமல் அழுத்தச் சூட்டிலேயே எரிய வேண்டிய எஞ்சின் அது. அழுத்தம் குறைந்தால் தும்முவதற்கும் வழியில்லை. நம் சாலைகளில் பல கம்பெனி பேட்ஜுகளோடு ஓடிய 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசலில் கிராங்க்கையும் கேமையும் பூட்டுப் பின்களால் நிறுத்தித்தான் செயின் மாட்ட வேண்டும். கண்பார்வைக்கு மார்க் வைத்து மாட்டுவதற்கான எஞ்சின் இல்லை அது. வேலையின்போது டீசல் குழாயைக் கழற்றியிருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கும், அதை வெளியேற்றும்வரை எதையும் முடிவு செய்யக் கூடாது.

எல்லாம் சரியாகி அடுத்த முறை சாவியைத் திருப்பும் முன் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. பெட்ரோல் பம்ப் ஃபியூஸை உருவிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டுவிட்டுச் செல்ஃப் அடிக்க வேண்டும். பிரித்து மாட்டிய எஞ்சினில் ஆயில் வழிகளும் டென்ஷனரும் காலியாக இருக்கும், அவை நிறைய வேண்டும். கவரை ஒட்டப் பூசிய கேஸ்கெட் பேஸ்ட் உள்பக்கம் பிதுங்கி உதிர்ந்து ஆயில் சல்லடையில் போய் அடைத்திருந்தால் அதுவும் இப்போதே தெரிந்துவிடும். விளக்கு அணையவே அணையாது. விளக்கு அணைந்தபின் ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்தால், முதல் இரண்டு மூன்று விநாடி செயின் பக்கம் லேசான கடகடப்பு கேட்கலாம். டென்ஷனருக்குள் மிச்சமிருந்த காற்று வெளியேறும் சத்தம் அது. பத்து விநாடி தாண்டியும் அது குறையவில்லையென்றால், எஞ்சின் எவ்வளவு அழகாக ஓடினாலும் அணைத்துவிட்டு டென்ஷனரைத்தான் பார்க்க வேண்டும்.